வணிகப் பொருளியல் வினாத்தாளில் ஒரு கணக்காவது கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலை அறிவியல் கல்லூரிகளில் பி.காம்., பி.பி.ஏ. மாணவர்கள் முதலாண்டில் படிக்கும் வணிகப் பொருளியல் என்னும் பாடத்தைப் பற்றியும், அதைவிட முக்கியமாக அந்தப் பாடத்துக்கு நாம் வைக்கும் தேர்வைப் பற்றியும் இக்கடிதத்தை எழுதுகிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் வணிகவியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது கோவில்பட்டியில் வசிக்கிறேன். பணிக்காலத்தின் பெரும்பகுதியில் இந்தப் பாடத்தை முதலாண்டு வகுப்புக்கு நடத்தியவன் என்பதால், இதில் நான் சொல்லப்போகும் குறைகளில் எனக்கும் பங்கு உண்டு. எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் உள்ள கல்லூரிப் பிள்ளைகள் சிலர் மாலை வேளைகளில் சந்தேகம் கேட்க வீட்டுக்கு வருவார்கள். அவர்களோடு உட்கார்ந்திருக்கும்போதுதான், வகுப்பறையில் அறுபது பேருக்கு முன்னால் நின்றபோது என் கண்ணில் படாத பலவும் தெரியவருகின்றன.

கடந்த பருவத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் ஒரு மாணவி வந்தாள். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்தவள். அவள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள். தாயார் தீப்பெட்டி ஆபீசில், அதாவது தீப்பெட்டி செய்யும் தொழிற்கூடத்தில், வேலை பார்க்கிறார். தேவையின் விலை நெகிழ்ச்சியை, அதாவது விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்ற பாடத்தை, படித்துவிட்டேன், கேளுங்கள் சார் என்றாள். கேட்டேன். வரையறையை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். அதன் ஐந்து வகைகளையும் வரிசைப்படி சொல்லி ஐந்துக்கும் படம் போட்டுக் காட்டினாள். நான் உள்ளே போய் அடுப்படியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்து, "இது ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனதே, அப்போது உங்கள் வீட்டில் வாங்குவது பாதியாகக் குறைந்ததா?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "பாதியெல்லாம் குறையவில்லை சார், கொஞ்சம் வேண்டுமானால் குறைந்திருக்கும்" என்றாள். அப்படியென்றால் தீப்பெட்டியின் தேவை நீ சொன்ன ஐந்தில் எந்த வகையைச் சேரும் என்றதும் நோட்டைப் புரட்டத் தொடங்கினாள். இரண்டு மூன்று பக்கங்கள் முன்னும் பின்னும் தேடியபின், "சார், இதில் உப்புதான் போட்டிருக்கு" என்றாள்.

அந்தப் பிள்ளையின் மீது எந்தக் குறையும் இல்லை. விலை ஏறிய அளவுக்கு வாங்குவது குறையாவிட்டால் அது நெகிழ்ச்சி குறைந்த தேவை. விடை அவள் வாயிலேயே இருந்தது; தன் வீட்டு அனுபவத்திலிருந்து சரியாகச் சொல்லியும் விட்டாள். தான் சொன்னதுதான் பாடம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிய வைக்க வேண்டிய இடம் கல்லூரி. அங்கே அவளிடம் கேட்கப்படுவதோ "விலை நெகிழ்ச்சி – வரையறு", "விலை நெகிழ்ச்சியின் வகைகளை விளக்குக" என்ற இரண்டு வினாக்கள்தாம். ஆண்டுதோறும் அவை இடம் மாறி வரும். கைடு புத்தகத்தில் முக்கிய வினாக்கள் என்று கட்டம் போட்டு வைத்திருப்பார்கள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், எது கேட்கப்படுமோ அதைப் படிக்கிறார்கள்.

பாடத்தின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். பொருளியல் என்றால் என்ன என்பதற்கு அறிஞர்கள் தந்த வரையறைகளான ஆடம் ஸ்மித்தின் செல்வ இலக்கணம், மார்ஷலின் நல இலக்கணம், ராபின்ஸின் பற்றாக்குறை இலக்கணம், சாமுவேல்சனின் வளர்ச்சி இலக்கணம் என்ற நான்கையும் பிளஸ் ஒன் பொருளியல் பாடநூலின் முதல் அலகிலேயே அந்தப் பாடம் எடுத்த மாணவர்கள் படித்துவிடுகிறார்கள். கல்லூரிக்கு வந்ததும் முதல் அலகில் மறுபடியும் இந்த இலக்கணங்களே அவர்களை எதிர்கொள்கின்றன. முதல் மூன்றும் வெளிவந்த 1776, 1890, 1932 என்ற ஆண்டுகளை மனப்பாடம் செய்வதில் தவறில்லை. ஆனால் கிடைப்பதற்கு அருமையான வழிவகைகளை எந்தத் தேவைக்கு ஒதுக்குவது என்ற தெரிவே பொருளியல் என்று 1932இல் ராபின்ஸ் சொன்னது, மாதக் கடைசியில் மளிகைக்குக் கொடுப்பதா, சிலிண்டருக்குக் கொடுப்பதா என்று அந்தப் பெண்ணின் தாயார் போடும் கணக்குதான் என்பதை யாராவது ஒருவர் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆடம் ஸ்மித் தம் நூலின் தொடக்கத்தில் குண்டூசித் தொழிற்கூடத்தை வருணிக்கிறார்: வேலையைப் பிரித்துக்கொண்ட பத்துப் பேர் ஒரு நாளில் 48,000 ஊசிகள் வரை செய்தார்கள் என்கிறார். சட்டத்தில் குச்சி அடுக்குபவர், மருந்தில் முக்குபவர், பெட்டியில் அடைப்பவர், லேபிள் ஒட்டுபவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளும் ஊரில் பிறந்த பிள்ளைக்கு வேலைப் பகுப்பைக் கற்பிக்க ஸ்காட்லாந்துக்காரரின் ஊசி வரைக்கும் போக வேண்டியதில்லை; தாயாரின் தொழிற்கூடத்தில் தொடங்கி ஊசிக்குப் போகலாம்.

தீப்பெட்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். வணிகப் பொருளியலின் பாதிப் பாடத்தை அந்த ஒரு பெட்டிக்குள் அடைத்துவிடலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2007இல் 50 காசிலிருந்து 1 ரூபாயான தீப்பெட்டி, பதினான்கு ஆண்டுகள் அதே விலையில் நின்றது. சிவப்புப் பாஸ்பரஸ், மெழுகு, அட்டை, குச்சி என்று எல்லாம் விலையேறியும் பெட்டியின் விலை நகரவில்லை. ஏன்? 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாதவையாகிவிட்டன. 50 காசு சட்டப்படி செல்லும் என்றாலும் கடைக்காரர் வாங்குவதில்லை. எனவே சில்லறைக் கடையில் 1 ரூபாய்க்கு அடுத்த விலை 2 ரூபாய்தான். நடுவில் படிக்கட்டே கிடையாது. ஒரே தாவலில் விலையை இரட்டிப்பாக்க வேண்டும், அல்லது இருக்கும் விலையில் செலவைத் தாங்க வேண்டும். தனியாக ஒரு தொழிற்கூடம் மட்டும் விலையை ஏற்றினால் அதன் பெட்டியை யாரும் தொடமாட்டார்கள். கடைசியில் 2021 அக்டோபரில் உற்பத்தியாளர் அமைப்புகள் சிவகாசியில் ஒன்றுகூடிப் பேசி, டிசம்பர் 1 முதல் பெட்டி 2 ரூபாய் என்று முடிவெடுத்தன. பெட்டிக்குள் 36 குச்சிகளுக்குப் பதிலாக 50 குச்சிகள் இருக்கும் என்றும் அறிவிக்கப்பட்டது.

இங்கே மாணவர்களிடம் கேட்க எத்தனை நல்ல கேள்விகள் இருக்கின்றன என்று பாருங்கள். விலை உண்மையில் எத்தனை சதவீதம் ஏறியது? பெட்டியைக் கணக்கெடுத்தால் நூறு சதவீதம். குச்சியைக் கணக்கெடுத்தால், ஒரு குச்சி சுமார் 2.8 காசிலிருந்து 4 காசாயிற்று. அதாவது ஏறத்தாழ 44 சதவீதம். இவ்விரண்டில் எதை வைத்து நெகிழ்ச்சியைக் கணக்கிட வேண்டும், ஏன்? ஏராளமான சிறு உற்பத்தியாளர்கள் இருக்கிறார்கள் என்று பார்த்தால் நிறைவுப் போட்டி போலத் தெரியும். ஆளுக்கொரு லேபிள் இருப்பதைப் பார்த்தால் முற்றுரிமைப் போட்டி போலத் தெரியும். கூடிப் பேசி ஒரே விலை வைத்ததைப் பார்த்தால், விற்பவர் சிலரே சந்தையை ஆளும் சில்லோர் முற்றுரிமையின் சாயல் தெரியும். இந்தச் சந்தையை எந்த வகையில் சேர்ப்பது? பிறகு லைட்டர் வருகிறது. வெளிநாட்டிலிருந்து மலிவாக வந்திறங்கிய லைட்டர் ஒன்று இருபது பெட்டிகள் செய்யும் வேலையைச் செய்துவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு. தீப்பெட்டித் தொழிலின் தொடர்ந்த வேண்டுகோளுக்குப் பின், 20 ரூபாய்க்கும் குறைவான மதிப்புள்ள சிகரெட் லைட்டர்களை இறக்குமதி செய்ய ஒன்றிய அரசு 2023 ஜூன் இறுதியில் தடை விதித்தது. ஒன்றுக்குப் பதிலாக வாங்கும் பதிலீட்டுப் பண்டம், ஒன்றின் விலை மாறினால் மற்றொன்றின் தேவை எவ்வளவு மாறும் என்ற குறுக்கு நெகிழ்ச்சி, அரசின் தலையீட்டால் யாருக்கு ஆதாயம், யாருக்குச் செலவு என்று மூன்று தலைப்புகள் இந்த ஒரு செய்தியில் இருக்கின்றன. தடை சரியா தவறா என்று மாணவர் எந்தப் பக்கம் வாதாடினாலும் எனக்குக் கவலை இல்லை. ஒவ்வொரு விலையிலும் வாங்கும் அளவைக் காட்டும் தேவைக் கோட்டையும், விற்க வரும் அளவைக் காட்டும் அளிப்புக் கோட்டையும் கையில் வைத்துக்கொண்டு வாதாடினால் போதும்.

படங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேவைக் கோட்டின் மேலேயே நகர்வதற்கும், கோடே இடம்பெயர்வதற்கும் உள்ள வேறுபாடுதான் இப்பாடத்தில் மாணவர்கள் மிகுதியாக வழுக்கி விழும் இடம். பணிக்காலத்தில் ஒருமுறை கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "விலை ஏறினால் வாங்குவது குறையும் என்கிறீர்கள் சார், முகூர்த்த நாளில் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் விற்கிறது, அன்றைக்குத்தானே அதிகம் பேர் வாங்குகிறார்கள், அப்படியென்றால் விதி தப்பா?" என்று கேட்டான். அன்று நான் நடத்த வேண்டிய பகுதியை மூடி வைத்துவிட்டு அந்தக் கேள்விக்கே முழு வகுப்பையும் கொடுத்தேன். விலை ஏறியதால் மக்கள் அதிகம் வாங்கவில்லை. கல்யாணம் இருப்பதால் எந்த விலையிலும் முன்னைவிட அதிகம் கேட்கிறார்கள், அதனால் கோடு வலப்பக்கம் நகர்ந்து விலையை மேலே தூக்குகிறது என்பதைப் பலகையில் போட்டுக் காட்டினேன். உடனே இன்னொரு மாணவி, மார்கழியில் முகூர்த்தமே கிடையாது, அப்போதும் பூ விலை ஏறுகிறதே என்றாள். பனியில் மொட்டு வைப்பது குறைந்து அளிப்புக் கோடு இடப்பக்கம் நகர்ந்தது என்று அவளுக்குப் பதில் சொன்னது நான் அல்ல. அப்பா பூ வியாபாரம் செய்யும் மற்றொரு மாணவன். வியப்பு என்னவென்றால், அந்தப் பருவத் தேர்வில் "தேவை விதியை விளக்குக" என்ற கேள்விக்கு அந்த மூவரில் எவரும் மல்லிகையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் மதிப்பெண் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில் நோட்டில் இருந்ததையே எழுதியதாகப் பின்னர் சொன்னார்கள்.

செலவுக் கோட்பாட்டில் நிலைமை இன்னும் வருத்தத்துக்குரியது. மாறாச் செலவு, மாறும் செலவு, சராசரிச் செலவு, கூடுதலாக ஒன்று செய்ய ஆகும் இறுதிநிலைச் செலவு என்று நான்கு கோடுகளையும் ஒரே படத்தில் அழகாக வரையும் மாணவர், கடை வைத்தால் அந்தக் கோடுகளால் தனக்கு என்ன பயன் என்பதை அறியாமலே மூன்றாண்டுப் படிப்பை முடித்துவிடுகிறார். எங்கள் ஊர்க் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது; அந்தப் பெயரே பண்ட வேறுபாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு என்றாலும் நான் அதை வேறொன்றுக்குப் பயன்படுத்துவது வழக்கம். ஒரு கடலைமிட்டாய்க் கடைக்கு வாடகை, கடன் தவணை, கடைப்பையன் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 30,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கடலை, வெல்லம், விறகு, கூலி, பொட்டலம் என்று கிலோவுக்கு 140 ரூபாய். விற்பது கிலோ 200 ரூபாய்க்கு. மாதம் 500 கிலோ விற்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இந்த மாதம் 600 கிலோ விற்றாகிவிட்டது; மாதம் முடிய நாலு நாள் இருக்கையில் வெளியூர் வியாபாரி ஒருவர் கிலோ 160 ரூபாய் என்றால் 100 கிலோ எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

வகுப்பில் பத்தில் எட்டுப் பேர் கொடுக்கக் கூடாது என்பார்கள். 600 கிலோவுக்குச் சராசரிச் செலவு கிலோ 190 ரூபாய் ஆயிற்றே, 160க்குக் கொடுத்தால் 30 ரூபாய் நட்டம் என்பார்கள். கணக்குப்பதிவியல் படித்த பிள்ளைகள் இதை இன்னும் உறுதியாகச் சொல்வார்கள். ஆனால் வாடகையும் தவணையும் சம்பளமும் ஏற்கெனவே தேறிவிட்டன. கூடுதலாகச் செய்யும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஆகும் கூடுதல் செலவு 140 ரூபாய்தான். எனவே இந்த வியாபாரத்தில் 2,000 ரூபாய் மிஞ்சும். இதைப் பலகையில் எழுதி முடிக்கும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அந்தச் சலசலப்புக்காகவே ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன். அதன்பின் தாமாகவே கேட்பார்கள்: அந்த வியாபாரி இதே ஊரில் 180க்கு விற்றால் என்ன ஆகும்? வழக்கமான வாடிக்கையாளர் தமக்கும் 160 வேண்டும் என்று நின்றால்? அடுப்பு இன்னும் 100 கிலோவைத் தாங்குமா? அவை அனைத்தும் சரியான கேள்விகள். எங்கள் தெருக்கோடியில் எட்டாம் வகுப்பு மட்டும் படித்த கடைக்காரர் ஒருவர் இவ்வளவையும் மனக்கணக்கிலேயே போட்டுப் பார்த்துத்தான் ஆர்டர் எடுக்கிறார். பி.காம். படித்த அவர் மகன் தேர்வில் இறுதிநிலைச் செலவுக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவர். கடையில் உட்காரும்போது சராசரியைப் பார்த்து ஆர்டரைத் திருப்பி அனுப்பிவிட்டதாக அந்தத் தகப்பனார் என்னிடம் வருத்தப்பட்டார்.

சந்தை வகைகளுக்கும் விலை மாற்றங்களுக்கும் எடுத்துக்காட்டை எங்கோ தேட வேண்டியதில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் செல்பேசிக் கட்டணம் சரிந்ததையும், 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) ஆகிய மூன்று நிறுவனங்களும் ஓரிரு நாள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தியதையும் ரீசார்ஜ் செய்யும் ஒவ்வொரு மாணவரும் தம் கைக்காசில் உணர்ந்திருக்கிறார்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழ்நாடு அரசு பண்ணைப் பசுமைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. அதே தக்காளியை விலை விழும் பருவத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று விவசாயிகள் சாலையோரம் கொட்டிச் செல்வதும் நாம் பார்ப்பதுதான்.

வாய்ப்புச் செலவு, அதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட நேரும் மற்றொன்றின் மதிப்பு, என்ற கருத்தைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச விரும்புகிறேன். முன்னே சொன்ன மாணவி மறுநாளும் வந்தாள். பாடப்புத்தகத்தில் நெல்லும் கரும்பும் எடுத்துக்காட்டாகத் தரப்பட்டிருந்தன. அதை விட்டுவிட்டு, நீ மூன்று ஆண்டுகள் கல்லூரியில் படிப்பதற்கு ஆகும் செலவு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுது என்றேன். முதலில் கல்லூரிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், புத்தகம் என்று எழுதினாள். பஸ்ஸுக்கு ஒன்றும் இல்லை, டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று தானே சொல்லி அந்த இடத்தில் பூச்சியம் போட்டாள். பிளஸ் டூ முடித்ததோடு நின்றுவிட்ட உன் தோழி என்ன செய்கிறாள் என்று கேட்டேன். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள், மாதம் 9,000 ரூபாய் வாங்குகிறாள் என்றவள், ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்து எழுதத் தொடங்கினாள். முப்பத்தாறு மாதங்களுக்கு 3,24,000 ரூபாய். கல்லூரி மாணவியருக்கு அரசு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவதால் 36,000 ரூபாயைக் கழித்தாள், மீதி 2,88,000. இந்தத் தொகை அவள் முதலில் எழுதிய கட்டணங்கள் அனைத்தையும்விடப் பல மடங்கு பெரிது. சாப்பாட்டுச் செலவைச் சேர்க்க வேண்டாமா என்று சோதித்துப் பார்த்தேன். "வேலைக்குப் போயிருந்தாலும் சாப்பிடத்தானே சார் செய்வேன், அதை எப்படிச் சேர்க்கிறது?" என்றாள். பட்ட வகுப்பு முடித்தவர்களும் தவறவிடும் இடம் அது, அவள் தவறவிடவில்லை. அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் காட்டினாளாம். தன்னைப் படிக்க வைக்க வீடு எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறது என்பதை அவள் எண்ணாகப் பார்த்தது அன்றுதான்.

இதையெல்லாம் ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்யலாமே, யார் தடுத்தது என்று கேட்கலாம். செய்பவர்கள் இருக்கிறார்கள்; அவர்களில் பலர் கௌரவ விரிவுரையாளர்களாகக் குறைந்த ஊதியத்தில் பணியாற்றிக்கொண்டே செய்கிறார்கள். ஆனால் பருவத்துக்கு ஐந்து அலகுகளை முடிக்க வேண்டும், இடையில் அகத் தேர்வுகள், விடுமுறைகள், விழாக்கள் எல்லாம் உண்டு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 75 மதிப்பெண் பருவத் தேர்வுக்கும் 25 மதிப்பெண் அக மதிப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த 75 மதிப்பெண்ணில் கேட்கப்படாத ஒன்றுக்கு ஒரு முழு வகுப்பைச் செலவிட்டால், "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்று பிள்ளைகளே கேட்டுவிடுவார்கள். வராது என்று சொன்ன மறுகணம் பேனாவை மூடி வைத்துவிடுவார்கள். இந்தக் கேள்வியை நான் ஆண்டுக்கணக்கில் கேட்டிருக்கிறேன். அதனால்தான் பாடத்திட்டத்தை மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. பாடத்திட்டத்தில் இருக்க வேண்டியவை அனைத்தும் இருக்கின்றன. மாற வேண்டியது வினாத்தாள்.

என் வேண்டுகோள் இதுதான். வணிகப் பொருளியல் வினாத்தாளில் 10 மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டாய வினா, எண்களோடு கூடிய ஐந்தாறு வரிச் சூழல் ஒன்றைத் தந்து, முடிவெடுக்கச் சொல்லி, அதற்குக் காரணம் எழுதச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன கடலைமிட்டாய்க் கணக்கைப் போன்ற ஒன்று போதும். விடைகள் பலவாறு வரும், திருத்துவது கடினம் என்று மதிப்பீட்டு முகாமில் சிலர் சொல்லக்கூடும். கணக்குப்பதிவியல் தாளில் படிப்படியாக மதிப்பெண் வழங்கித்தானே திருத்துகிறோம்? கூடுதல் செலவைப் பிரித்தறிந்ததற்கு இவ்வளவு, கணக்கிட்டதற்கு இவ்வளவு, முடிவுக்குச் சொன்ன காரணத்துக்கு இவ்வளவு என்று இதற்கும் விடைக்குறிப்பு வகுக்கலாம். 25 மதிப்பெண் அக மதிப்பீட்டிலும், நண்பரின் நோட்டைப் பார்த்து எழுதித் தரும் ஒப்படைவுக்குப் பதிலாக, ஏதேனும் ஒரு பொருளின் விலையைப் பன்னிரண்டு வாரங்கள் குறித்துவந்து ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் எழுதச் சொல்லலாம். 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் இன்று பல ஊர்களில் உள்ளன. அங்கே காலையில் பலகையில் அன்றைய விலையை எழுதி வைக்கிறார்கள். முட்டைக்கு நாமக்கல் விலை செய்தித்தாளிலேயே வருகிறது. இதற்கு மாணவருக்குச் செலவு ஒன்றும் இல்லை.

மொழியைப் பற்றிய ஒரு வேண்டுகோளும் இதோடு சேர்ந்ததே. எங்கள் பகுதிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கில வழி பி.காம். வகுப்பில் உட்காருகிறார்கள். ஒரு கருத்தைப் புரிந்துகொள்வதும், அதை அன்னிய மொழியில் எழுதுவதும் ஒரே நேரத்தில் அவர்கள் தலையில் விழும்போது, மனப்பாடம் ஒன்றே அவர்களுக்குக் கைகொடுக்கிறது. பாடம் ஆங்கில வழியில் நடந்தாலும் மாணவர்கள் தேர்வைத் தம் மொழியில் எழுத அனுமதிக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அந்த உரிமையை மாணவர் துணிந்து பயன்படுத்த, சொற்கள் நிலைபெற்றிருக்க வேண்டும். பள்ளி நூல்களில் தேவை, அளிப்பு, இறுதிநிலை என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. கல்லூரிக் கைடுகளில் ஒன்றில் அளிப்பு, மற்றொன்றில் வழங்கல், இன்னொன்றில் சப்ளை என்று கிடக்கிறது. இலங்கையில் இதே பாடத்தைத் தமிழில் படிப்பவர்கள் தேவை, அளிப்பு, இறுதிநிலைச் செலவு, வாய்ப்புச் செலவு ஆகியவற்றுக்கு முறையே கேள்வி, நிரம்பல், எல்லைச் செலவு, அமையச் செலவு என்று வேறு சொற்களைப் பல ஆண்டுகளாகச் சீராக ஆண்டு வருகிறார்கள். சொல் எதுவாக இருந்தாலும், முதலாண்டிலிருந்து மூன்றாமாண்டு வரை ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்பதே என் கவலை. நான் கேட்கும் கட்டாய வினாவாவது ஆங்கிலத்திலும் தமிழிலும் அச்சிடப்பட வேண்டும். சூழலைப் படித்துப் புரிந்துகொண்டால்தான் முடிவெடுக்க முடியும்.

2023இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் கலை அறிவியல் பாடங்களுக்கு மாதிரிப் பாடத்திட்டங்களை வகுத்தளித்தது. அதைப் போலவே வணிகப் பொருளியலுக்கு ஒரு மாதிரி வினாத்தாளையும், சூழல் வினாக்கள் ஐம்பதைக் கொண்ட ஒரு தொகுப்பையும் மன்றம் வெளியிட்டால் தனியாகப் பணியாற்றும் கிராமப்புறக் கல்லூரி ஆசிரியருக்குப் பெரும் உதவியாக இருக்கும். வட்டாரத்துக்கு வட்டாரம் பின்னலாடை, முட்டை, மாம்பழம், பட்டு, உப்பு என்று சூழல்களுக்குப் பஞ்சமில்லை. அடுத்த கல்வியாண்டுக்கான பாடத்திட்டக் குழுக் கூட்டங்கள் கூடும் முன்பாக, குழுக்களில் இருக்கும் என் வயதுக்கு இளைய பேராசிரியர்கள் இதைப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அத்தகைய தொகுப்புக்கு நான் வகுப்பில் பயன்படுத்திய முப்பதுக்கும் மேற்பட்ட கணக்குகளை எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறேன். தீப்பெட்டிக் கணக்கை அந்த மாணவி ஏற்கெனவே தன் கையெழுத்தில் படியெடுத்துக் கொடுத்துவிட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர் ஒருவர்,
கோவில்பட்டி.